முதல் அரை நிமிடம்

இதோ கூப்பிடுகிறோம் சார் என்று வரவேற்பு மேசைப் பெண் சொல்லி வெகுநேரமாகிவிட்டது. எவ்வளவு நேரம் என்று திருமூர்த்தி பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் மட்டும் அந்தக் கண்ணாடிக் கதவு திறந்துவிடவா போகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் இவனுக்கு முன்னால் வந்தவர்கள், அவர்களும் எதையோ விற்க வந்தவர்கள்தான், சுவரில் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். படம் மாறுவது வெளிச்சம் மாறுவதில் தெரிந்தது. நீலம், வெள்ளை, மறுபடி நீலம். நிறைய ஸ்லைடு போடுகிறார்கள், போடட்டும், உள்ளே இருப்பவர்கள் சலித்துப்போய்ச் செல்போனை எடுத்திருப்பார்கள், சலித்துப்போனவர்கள் முன்னால்தான் அடுத்து இவன் போய் நிற்க வேண்டும். ஏசிக் காற்று நேராகப் பிடரியில் விழுந்தது. இடம் மாறி உட்காரலாம், ஆனால் மாறினால் அண்ணனுக்கு எதிரே உட்கார வேண்டிவரும், பக்கத்தில் இருக்கும்வரை முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அண்ணன் மயில்சாமி சோபாவில் சாயவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல நுனியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தது சட்டைக்காகத்தான் என்று இப்போதுதான் இவனுக்கு உறைத்தது. இருவர் காலுக்கும் நடுவில் கறுப்புப் பை. பைக்குள் லேப்டாப், தையல் மிஷின் அளவுக்கு ஒரு குட்டி பிரஸ், அதன் இரண்டு பக்கமும் பொருத்துகிற சென்சார் கம்பங்கள், செய்தித்தாளில் சுற்றிய முருங்கைக்காய் இரண்டு. தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் வேலை செய்கிறவர்களின் விரலைக் காப்பாற்றும் கருவியை விற்க வந்திருக்கிறான் திருமூர்த்தி. காப்பாற்ற முடியாமல் போன விரல்களின் சொந்தக்காரரைக் கூடவே கூட்டிவந்திருக்கிறான். அண்ணா, போயிரலாம். இரண்டே வார்த்தைதான், சொல்லிவிட்டால் எழுந்து போய்விடலாம். காலையில் அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபோதே சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்து, இதென்னங்க முருங்கக்கா, கேன்டீனுக்கா என்று கேட்டபோது சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லியிருக்கலாம். டெமோங்க என்றான். செக்யூரிட்டி லேப்டாப் ஒன்று, மிஷின் ஒன்று, முருங்கைக்காய் இரண்டு என்று எழுதிக்கொண்டு, இவரு என்று அண்ணனைப் பார்த்தார். அதற்கும் வாயில் டெமோ என்றுதான் வந்தது, நல்லவேளையாகப் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டான்.

எல்லாம் அந்த வகுப்பில் ஆரம்பித்தது. ஆர்டர் வரத்து குறைந்துபோய், எம்.டி. ரங்கராஜ் சென்னையிலிருந்து ஒரு அம்மாளை வரவழைத்து, வாங்குகிறவர்களைக் கட்டிப்போடுகிற மாதிரிப் பேசுவது எப்படி என்று விற்பனை ஆட்களுக்கு ஒருநாள் வகுப்பு வைத்தார். அந்த அம்மாளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். முதல் அரை நிமிடம்தான் உங்களுடையது, அதற்குள் அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றால் மிச்ச நேரம் செல்போனுடையது. எண்ணைக் காட்டாதீர்கள், ஆளைக் காட்டுங்கள். சும்மா சொல்லாதீர்கள், கண்முன்னால் நடத்திக் காட்டுங்கள், சத்தம் வரட்டும். கதை என்றால் அதில் சின்னதாக ஒரு வீட்டு விஷயம் இருக்க வேண்டும், அதுதான் மனதில் ஒட்டும். திருமூர்த்தி நல்ல மாணவன், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், சொன்னதைச் செய்துவிடுவான். வெள்ளரிக்காயை வைத்து வெட்டிப் பார்த்தான், சத்தம் இல்லை. கேரட் தெறித்து ஒருத்தர் மடியில் விழுந்தது, சிரித்துவிட்டார்கள். முருங்கைக்காய் சரியாக இருந்தது. மடக்கென்று ஒரு சத்தம், முறிந்த இடத்தில் நார் தொங்கும், யாரும் சிரிப்பதில்லை. அடுத்து சென்சாரைப் போட்டுவிட்டு இன்னொரு காயை நீட்டினால் மேலிருந்து இறங்குகிற அச்சு பாதியில் நின்றுவிடும், காய்க்கு ஒரு கீறல் இருக்காது. அதெல்லாம் சரி, ஆளுக்கு என்ன செய்வது. இணையத்திலிருந்து விரல் போன ஒரு கைப் படத்தை எடுத்துப் போட்டான். கணபதி ஏரியாவில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, இது வெள்ளக்காரன் கை, நம்ம ஊர்க் கை எங்கீங்க என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நம்ம ஊர்க் கை. அது எங்கே இருக்கிறது என்று திருமூர்த்திக்குத் தெரியாதா. பொங்கலன்று அண்ணன் வீட்டுக்குப் போனபோது, ஒரு போட்டோ வேணும்ணா, கம்பெனிக்கு, கை மட்டும்தான், முகம் வராது என்றான். அண்ணி ருக்குமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அண்ணன் வெளிச்சம் எந்தப் பக்கம் நல்லா இருக்கும் என்று மட்டும் கேட்டார். அந்தப் படம் வந்த பிறகு எல்லோரும் நிமிர்ந்தார்கள். உடனே நிமிர்ந்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், இரண்டு இடத்தில் ஆர்டர்கூட வந்தது. ரங்கராஜுக்கு அது போதவில்லை. படத்துக்கே இப்படின்னா ஆளக் கூட்டீட்டுப் போனா எப்படி இருக்கும் யோசிச்சுப் பாருங்க, அவருக்கும் ஒரு நாள் வெளிய வந்தாப்பல இருக்கும் என்றார். கொஞ்சம் கழித்து, அடுத்துப் போற எடத்துப் பெரிய ஆர்டரும் போச்சுன்னா திருமூர்த்தி, நாம உக்காந்து பேசோணும் என்றார். போன தீபாவளிக்கு முன்னால், கூட விற்பனையில் இருந்த சிவநேசனோடும் அப்படித்தான் உட்கார்ந்து பேசினார், சிவநேசனின் நாற்காலியில் இப்போது பிரிண்டர் பேப்பர் கட்டு வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் கட்டாயம் முடியாது என்று சொல்லிவிடுவார் என்று நம்பித்தான் போய்க் கேட்டான். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மனுஷனுக்கு அந்தக் கை வெளியே தெரிவதே ஆகாது. கல்யாணங்களுக்குப் போகமாட்டார், போனால் பந்திக்கு நிற்கமாட்டார், பஸ்ஸில் கம்பியை இடது கையால்தான் பிடிப்பார், வலது கை எப்போதும் பேன்ட் பைக்குள். அண்ணி வீட்டில் தைக்கிறவள், அண்ணன் பேன்ட்டுக்கு வலது பையை மட்டும் இடதைவிட ஆழமாகத் தைப்பாள். யாரும் தைக்கச் சொல்லவில்லை, அவளாகத்தான் தைத்தாள், அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு கூட்டத்துக்கு முன்னால் கையைத் தூக்கிக் காட்ட வாங்க என்று எப்படிக் கேட்பது. கேட்டுவிட்டு, முடியாதுடா என்று அவர் சொன்னதும், நாங் கேட்டேன் சார், வரமாட்டேன்னுட்டாரு என்று ரங்கராஜிடம் சொல்லிவிடலாம், பாவம் இவன் மேல் இருக்காது. நன்றாகத்தான் கணக்குப் போட்டிருந்தான். அண்ணனோ, என்னைக்குடா என்றார். அவ்வளவுதான். என்னைக்கு என்று கேட்டவரிடம் எதற்கு என்று எப்படித் திருப்பிக் கேட்பது. தன்னிடம் மறுத்துப் பேச முடியாமல் ஒத்துக்கொண்டார், தம்பி வேலை போய்விடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அண்ணிதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்து அன்றிலிருந்து இவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டிருந்தான். இங்கே வந்ததும் விசிட்டர் அட்டை கொடுத்தார்கள். அதன் கிளிப்பை ஒரு கையால் திறந்து சட்டைப் பையில் மாட்ட அண்ணனால் முடியவில்லை. திருமூர்த்தி மாட்டிவிட்டான், குனிந்தபோது தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. தலை எண்ணெய் என்றுதான் நினைத்தான். உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது. வலது கை பேன்ட் பைக்குள் இல்லை. தொடைமேல் இருந்தது. எண்ணெய் பூசியிருந்தது. நடு மூன்று விரலும் இருந்த இடம் வழவழவென்று மின்னியது, கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் நகத்தைச் சுத்தமாக வெட்டியிருந்தார்கள். அண்ணிதான் வெட்டியிருப்பாள். இடது கையில் நகம் அப்படியே கிடந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் இவன் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த தண்ணீர் கேனைப் பார்த்தான், கேனுக்குள் அடியிலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே போனது, யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை, அதுவாகக் கிளம்பிப் போனது.

கையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கதைதான் பயம். கதையில் பிறந்தநாள் இருக்கிறது. எப்படி வந்து நுழைந்தது என்று யோசித்தால் ஒரு நாளில் வந்ததில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில், மோட்டாருக்கான ஸ்டாம்பிங் தகடு வெட்டுகிற பிரஸ்ஸில் என் அண்ணன் வேலை பார்த்தார், ஒரு சாயங்காலம் கை மாட்டிக்கொண்டது என்று மட்டும்தான் சொன்னான். அது உண்மை. அப்புறம், அன்றைக்கு அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைத்திருந்தார் என்று சேர்ந்தது. இருக்கலாம், யார்தான் சீக்கிரம் போக நினைக்கமாட்டார்கள். வீட்டு விஷயம் ஒன்று வேண்டும், ஒட்டுகிற மாதிரி ஒன்று, என்று அந்த அம்மாள் சொன்னது காதிலேயே இருந்தது. திருப்பூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் கொட்டாவி விட்டார். கொட்டாவி வாய் மூடுவதற்குள், அன்று அவர் மகளுக்கு முதல் பிறந்தநாள் என்று இவன் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த மனிதர் நிமிர்ந்து, அடடா என்றார். அதற்கப்புறம் எடுக்க முடியவில்லை. எடுத்தால் கதை நொண்டுகிறது. கேக் சொல்லி வைத்திருந்தது, கேக்கை வாங்கிக்கொண்டு போக வேண்டியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, எல்லாம் பின்னாலேயே வந்தன, ஒவ்வொன்றும் போகிற இடத்தில் நன்றாக எடுபட்டது. பாப்பா அப்போது பிறக்கவே இல்லை. கை போய், வேலை போய், ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிக்கு டோக்கன் கொடுக்கிற வேலைக்கு அண்ணன் போன பிறகுதான் தர்ஷினி பிறந்தாள். அந்தக் கையில்தான் அவளை முதலில் வாங்கினார். துணியோடு சேர்த்து மார்போடு அணைத்து, இந்தக் கை இருந்தா போதுமுங்க புள்ளையத் தூக்க என்று நர்சிடம் சொன்னார், இவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். இப்போது உள்ளே போய் அண்ணனை வைத்துக்கொண்டு அந்தப் பிறந்தநாளைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால்? விட்டால் அந்த இடத்தில் என்ன சொல்வது, அந்த இடத்தில்தான் எல்லோரும் செல்போனைக் கீழே வைப்பார்கள். சொன்னால்? அண்ணன் மறுக்கமாட்டார். நின்றுகொண்டிருப்பார். இவன் பக்கம் திரும்பக்கூட மாட்டார், சுவரில் அவர் கை பெரிசாகத் தெரிந்துகொண்டிருக்கும், அதற்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார், தம்பி தன் பிள்ளைக்கு இல்லாத ஒரு பிறந்தநாளைக் கொண்டாடுவதைக் கேட்டுக்கொண்டு. அப்புறம் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்ப வேண்டும். ஒரே பஸ்ஸில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். முன்னால் வந்தவன் ஏதோ ஜோக் சொல்லியிருக்கிறான், கெட்டிக்காரன். சிரித்து முடித்தவர்கள் முன்னால் போய் இதைக் காட்டினால் என்ன ஆகும். யாராவது எழுந்து வந்து, பார்க்கலாமுங்களா என்று அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தால். நஷ்டஈடு எவ்வளவு கொடுத்தாங்க என்று கேட்டால். கேட்பார்கள், கட்டாயம் ஒருத்தராவது கேட்பார். இல்லை, அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது, யாரும் நிமிராமலே இருந்துவிட்டால். அண்ணன் எண்ணெய் பூசின கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, அவர்கள் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே, ம், சொல்லுங்க, டெலிவரி எப்போ கொடுப்பீங்க என்று கேட்டுவிட்டால், அந்தக் கையை எப்படித் திரும்பக் கீழே இறக்குவது, யார் சொல்லி இறக்குவது. அவர்கள் பார்க்கவும் கூடாது, பார்க்காமல் இருக்கவும் கூடாது.  முருங்கைக்காய் சத்தம் கேட்டது. உள்ளே எங்கும் இல்லை, இவன் தலைக்குள். மடக். சனிக்கிழமை உழவர் சந்தையில் காய் பொறுக்கும்போது முற்றல் வேணுமா பிஞ்சு வேணுமா என்று கேட்ட கடைக்காரியிடம் சத்தம் வர்ற மாதிரி என்று சொன்னது ஞாபகம் வந்தது, அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்து மாதக்கணக்காகிறது, வைக்கச் சொல்லி இவன் மனைவியிடம் கேட்டதுமில்லை, ஏன் வைக்கவில்லை என்று அவள் சொன்னதுமில்லை. அன்றைக்கு அண்ணன் பக்கத்து பிரஸ்ஸில் இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டிருக்குமா. மிஷின் இரைச்சலில் கேட்டிருக்காது. சத்தமே இல்லாமல்தான் போயிருக்கும். சத்தமே இல்லாமல் போனதற்குத்தான் இவன் ஊர் ஊராகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறான். போதும் என்று தோன்றியது. வேலை போகட்டும், ரங்கராஜ் உட்கார்ந்து பேசட்டும், பேப்பர் கட்டை நாளைக்கு இவன் நாற்காலியிலும் வைக்கட்டும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போய், கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது, அங்கே ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது. உள்ளே நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது.

"அண்ணா."

"ம்."

"வேண்டாண்ணா. போயிரலாம்."

மயில்சாமி திரும்பினார். காலையிலிருந்து இப்போதுதான் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். கோபம் இருக்கும் என்று பார்த்தான், இல்லை. ஆறுதல் இருக்கும் என்று ஆசைப்பட்டான், அதுவும் இல்லை. பரீட்சை எழுத வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியதுபோல் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"ஏன்டா, நாஞ் சரியாப் பண்ணமாட்டேன்னு பயப்படறயா?"

"அதில்லண்ணா. உன்னய இங்க கூட்டியாந்து நிறுத்தி..."

"ரங்கராஜ் சாரு என்கிட்டப் பேசுனாருடா. போன்ல. ரெண்டு தடவ கூப்புட்டாரு. நீ எந்த எடத்துல என்ன சொல்லுவீன்னு பூராஞ் சொல்லிட்டாரு." குரலைத் தாழ்த்தி, வரவேற்புப் பெண்ணுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோலச் சொன்னார். "பொறந்தநாளும் சொன்னாரு."

திருமூர்த்தி தன் சட்டையில் மாட்டியிருந்த விசிட்டர் அட்டையைத் திருப்பி வைத்தான். 

"அத எடுத்துராத. நல்லாத்தான் இருக்குது. பாப்பாகிட்டயும் சொன்னேன். சொல்லிக்கட்டும்ப்பா, சித்தப்பாதானேன்னுட்டா." அண்ணன் தொடைமேல் இருந்த கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "இந்தக் கை இப்பிடி ஆனதுலருந்து ஒரு வேலைக்குன்னு இத ஒருத்தனும் கூப்புட்டதில்லடா. டோக்கன் குடுக்கறதெல்லாம் எடது கையிலதான். மொதத் தடவையா நீ கூப்புட்ட. இப்பப் போயிரலாங்கற."

தண்ணீர் கேனுக்குள் இன்னொரு குமிழி கிளம்பியது. திருமூர்த்தி அதைப் பார்த்தான், வேறு எங்கே பார்ப்பது. தன் பொருட்டு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துத்தானே இத்தனை நாளும் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். அப்படி வந்திருந்தால்கூடத் தேவலை. அந்தத் துக்கத்தையாவது சுமந்துகொண்டு இருந்திருக்கலாம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது.

"ஒண்ணு மட்டும் மாத்திக்கலாம்," என்றார் அண்ணன். குனிந்து பையின் ஜிப்பை இடது கையால் திறந்தார், வலது கையை உள்ளே விட்டார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு முருங்கைக்காயைக் கவ்வி வெளியே எடுத்தார். நழுவவில்லை. நழுவாமல் எடுக்கிற அளவுக்குப் பழகியிருந்தது. "நீ மொதல்லயே கதையச் சொல்லாத. மிஷின வெச்சுரு. நானே போயி இந்தக் கையில காய வெக்கறேன். அச்சு எறங்கற வரைக்கும் கைய எடுக்கமாட்டேன், கடேசியாத்தான் எடுப்பேன். அதுக்கு மேல நீ வாயத் தொற. ஒருத்தனும் போனப் பாக்கமாட்டான்."

"அண்ணா, அந்த மொத வெட்டுக்கு சென்சார் போடமாட்டோம்."

"தெரியும். பிரஸ்ல நிக்காதவனா நான். நேத்து அண்ணி அம்மிக் கொழவியத் தூக்கிப் போட்டா, நாங் காய வெச்சு வெச்சு எடுத்தேன். கரெக்டா எடுத்துட்டேன், வேணும்னா அவளக் கேட்டுப் பாரு. பாப்பாதான் கண்ண மூடிக்கிட்டா."

கண்ணாடிக் கதவு திறந்தது. முன்னால் வந்தவர்கள் பைகளோடு வெளியே வந்தார்கள், முகத்தைப் பார்த்தால் வேலை நடக்கவில்லை என்று தெரிந்தது. வரவேற்புப் பெண் எழுந்து, சார் நீங்க போகலாம் என்றாள். திருமூர்த்தி பையைத் தூக்கப் போனான். பை கனத்தது. அதற்குள் அண்ணன் எழுந்து, சட்டையின் முன்பக்கத்தை இடது கையால் ஒருமுறை நீவிக்கொண்டு முன்னால் நடந்தார். புதுப் பேன்ட். வலது பையின் அடித் தையல் துணி வழியே தெரிந்தது, இடதைப் போலவே சாதாரண ஆழத்தில்தான் தைத்திருந்தது, அந்தக் கைக்கு இனி அது போதும் என்று அண்ணி நினைத்திருக்கிறாள். வலது கை பக்கவாட்டில் தொங்கியது, அதில் முருங்கைக்காய். நீள மேசையைச் சுற்றி ஆட்கள் தலையைக் குனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கதவருகே உட்கார்ந்திருந்தவர் அண்ணனின் கையைப் பார்த்தார், செல்போனைக் கவிழ்த்து வைத்தார். அடுத்தவர் அவரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மேசையின் அந்தக் கோடிவரைக்கும் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. திருமூர்த்தி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அண்ணன் திரும்பி, சீக்கிரம் வாடா, மிஷின எடுத்து வை என்று கண்ணால் காட்டினார்.